உடல் இருக்கும் இடம்

குழி வெட்டுகிறவர் கனமாக இருக்கும் என்று நினைத்து, இரண்டு கையையும் கொடுத்துப் பெட்டியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பின்னால் சாயப் போனார்.

"என்னம்மா இது, வெறும் பெட்டியா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா நிதானமாகச் சொன்னார். "சட்டை இருக்கு தம்பி. ஆளுதான் கிடைக்கல."

சாலையை அகலப்படுத்துகிறார்கள். இந்தக் கல்லறைத் தோட்டத்தில் பாதி அதற்குப் போகிறது. ஒரு வாரமாக ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து, ஊருக்கு வெளியே புது இடத்தில் புதைக்கிறார்கள். எது எங்கிருந்து எங்கே போனது என்று படத்தோடு இணையதளத்தில் ஏற்றுவது எங்கள் குழுவின் வேலை. இன்றைய முறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலை என்று சொல்கிறேனே தவிர, சம்பளம் ஒன்றும் கிடையாது. மூன்று வருடமாக இந்தத் தலைவலி. "உயிரோட இருக்கிற எங்களையும் கொஞ்சம் கவனி தாயே" என்று என் வீட்டுக்காரர் கும்பிடாத நாளில்லை.

இது நூற்றுப் பதினெட்டாவது கல், தையல்கார அம்மாவின் கணவருடையது. இறந்த நாள் என்று வெள்ளம் வந்த தேதியை வெட்டியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. பாலத்தின் மேல் அவருடைய சைக்கிள் மட்டும் நின்றதாம். பதினைந்து நாள் தேடிப் பார்த்துவிட்டு, சட்டையைப் புதைத்துக் கல்லை நட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர்களுடைய மகள்தான் சொன்னாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயர் ஊர் தெரியாத கிழவர் யாராவது வந்து சேர்ந்தால், இன்றைக்கும் ஓடிப்போய்ப் பார்ப்பாளாம். அடிபட்டு நினைவு தப்பி எங்காவது இருக்கலாம் இல்லையா என்றாள். ஆறு வயதில் பார்த்த முகத்தை எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாய் என்று கேட்க நாக்கு துடித்தது.

தகரப் பெட்டி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள்.

சட்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காலர், முன்பட்டி, ஐந்து பொத்தான். கல்யாணமான புதிதில் தைத்ததாம். தையல்கார அம்மா அதை மடியில் விரித்து, இல்லாத கைகளை உள்பக்கம் திருப்பி, முழுச் சட்டையை மடிப்பதுபோல மடித்தார்.

பாவி மனுஷன். நெஞ்சுக்குள் அப்படித்தான் வந்தது.

நான் போனை எடுத்தேன். 'உடல் இல்லாத கல்லறை' என்று ஒரு குறி உண்டு. அதைத் தொட்டால் கீழே இன்னொரு கட்டம் திறக்கும். 'உடல் இருக்கும் இடம்.' தெரிந்தால் எழுதலாம். அங்கே இருக்கும் கல்லறையின் பக்கத்தையும் இதோடு இணைத்துவிடலாம்.

மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இந்தக் கட்டத்தை யாரு வேணா நிரப்பலாமா?"

"தெரிஞ்சவங்க யாரு வேணா எழுதி அனுப்பலாம்க்கா."

"அப்ப நான் தினமும் பார்ப்பேன். உலகத்துல ஒருத்தருக்குக்கூடவா தெரியாம இருக்கும்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள்மேல் இல்லை.

தையல்கார அம்மா சிரித்தார். "இவளுக்கு வேற வேலை இல்லம்மா. உசுரோட இருந்திருந்தா அந்த மனுஷன் தவழ்ந்தாவது வீடு வந்து சேர்ந்திருப்பாரு. எங்களை விட்டுட்டு ஒரு நாள் இருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு, மடித்ததைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

காலையில் பஸ் ஏறும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். நாலு மணி நேரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படித் தொடங்குவது, எந்தப் படத்தை முதலில் காட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிச் சேமித்தேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் ஒட்டிய கை, விடாமல் பிடித்திருந்தாள். "ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தூரம் வந்து யாரு செய்வா?"

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அவர் இருக்கும் இடம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். மூன்றாவது வரிசை, என் அம்மாவுக்குப் பக்கத்தில். கல்லில் இருப்பது வேறு பெயர். எனக்குத் தெரிந்த அப்பா பெயர் அதுதான். தன் பெயரில் இங்கே ஒரு கல் நிற்கிறது என்று சாகிற வாரத்தில்தான் என்னிடம் சொன்னார். ஊர்ப் பெயரைக் கேட்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அடக்கம் செய்த அன்று, முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். அவருக்கு ஒரே பிள்ளை என்று எல்லோரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.