ஆளுக்கு ஒரு முடிச்சு

ஆளை அலையாக மாற்றி ஊர்விட்டு ஊர் அனுப்பும்போது மூன்று பாதைகளில் அனுப்புவோம். ஒன்று அறுந்தாலும் ஆள் வந்து சேர வேண்டும். முதலில் வந்தவரை விட்டுவிட்டு, பிந்தி வரும் பிரதிகளை அழிப்பது என் வேலை. இன்று மாப்பிள்ளை சங்கரபாண்டி மூன்று பேராக ஒரே நொடியில் மணமேடையில் வந்து இறங்கினார்.

நான் அழிப்புக் கருவியை எடுத்தேன். மூன்று மாப்பிள்ளைகளும் மணப்பெண் மாடத்தியின் பின்னால் ஒளிந்தார்கள்.

“அண்ணாச்சி, அதைக் கீழ வைங்க,” என்றாள் மாடத்தி. “தாலிக்கு முடிச்சு மூணுதானே? ஆளுக்கு ஒண்ணு போடட்டும்!”

கெட்டிமேளம் முழங்கியது. மூன்று முடிச்சும் விழுந்தன. இனி எவரை அழித்தாலும் அவள் தாலியை அறுத்தவன் ஆவேன். கருவியைப் பைக்குள் போட்டேன்.

நாத்தனார் போட வேண்டிய இரண்டு முடிச்சும் பறிபோனதில் மாப்பிள்ளையின் தங்கை முறைத்தாள்.

“சரி மதினி, அண்ணன் மூணாயிட்டான். தீபாவளிக்கு எனக்குப் புடவையும் மூணு!”