நட்சத்திரத்தின் பின்பக்கம்

"பேர் வேணும்மா ஷைலஜா. அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு பேர். ஜனவரியில அந்த ஆளு நம்ம கம்பெனில இருக்கக் கூடாது."

பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து கிருஷ்ணப்பா சார் போனை வைத்தபோது மணி மூன்று.

பழைய தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில், ஒரு பேக்கரிக்கு மேலே அந்தச் சின்ன ஆபீஸ். வீட்டுக்கே மருந்து அனுப்பும் கம்பெனி. ஷைலஜாதான் பொறுப்பு. அவளுக்குக் கீழே நாலு பேர்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூணு நாள். அன்று முழுக்க வெயில் வரவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, சுரங்கத்து மண்மேடுகள் பனிக்குள் மேகம் மாதிரி மிதந்தன. கேக் வேகும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. கூரையில் தொங்கிய காகித நட்சத்திரம் மெல்லச் சுற்ற, மேஜைகளின் மேல் சிவப்பும் மஞ்சளுமாய் வெளிச்சம் நீந்தியது. யாருக்கும் உரக்கப் பேசவே தோன்றவில்லை.

வருஷக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும், அது பண்டிகை மாதிரியும் இருக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. ஷைலஜா அட்டையில் நட்சத்திரம் வெட்டி வைத்திருந்தாள். ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"முன்பக்கம் இந்த வருஷத்துச் சந்தோஷம். பின்பக்கம் செஞ்ச தப்பு. கீழ உங்க பேரு."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"அக்டோபர்ல முந்நூறு பேரோட ஆர்டர் ஒரே நேரத்துல ரத்தாச்சே, அது யாருன்னும் எழுதிடுங்க. பண்டிகை நேரம். யாரும் யாரையும் தண்டிக்கப் போறதில்ல."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நடந்த தப்பு அது. எல்லாருக்கும் பொதுவான கம்ப்யூட்டர், ஒரே பாஸ்வேர்டு. யார் அழுத்தியது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் ஷைலஜாவுக்குச் சந்தேகமே இல்லை. சகாயம்தான். வீட்டில் கைக்குழந்தை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் வந்து இங்கே மேஜையில் கண்ணயருவான். இப்போதுகூட, நட்சத்திர வெளிச்சம் முகத்தில் ஊர்ந்து போக, பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருந்தான்.

பாவம்தான். இந்த வேலை போனால், விடிவதற்கு முன்னால் பெங்களூர் ரயிலில் நிற்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். ஆனால் யாராவது ஒருத்தர் போயாக வேண்டுமே.

அட்டைகளை வாங்கிக்கொண்டாள். முதலில் சகாயத்துடையது. முன்பக்கம், 'பாப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சது.' பின்பக்கம், 'அக்டோபர்ல ரத்து பண்ணது நான்தான்.'

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அடுத்தது புஷ்பவல்லி. 'தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது.' பின்பக்கம், 'அந்த ரத்து நான்தான்.'

ரூபேஷின் அட்டையைத் திருப்பினாள். 'நான்தான்.'

கடைசியாக எரிக். அவனும் அதையே எழுதியிருந்தான்.

"இன்னா இது, விளையாட்டா? ஒரு பட்டனை நாலு பேரு சேர்ந்தா அழுத்தினீங்க?"

நாலு அட்டைகளையும் மேஜையில் பரப்பினாள்.

"சகாயத்தைக் காப்பாத்தறீங்க. அதானே? தூங்கி வழிஞ்சு அழுத்தினது அவன். நீங்க மூணு பேரும் முட்டுக் கொடுக்கறீங்க."

"என்னையா?" சகாயம் தூக்கம் கலைந்தவன் மாதிரி விழித்தான்.

புஷ்பவல்லி மெதுவாகச் சொன்னாள். "விட்டுடுங்க மேடம். அன்னிக்கே முந்நூறு பேருக்கும் நாங்க போன் பண்ணி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் ஆர்டர் போட்டுட்டோம். ஒருத்தருக்கும் மருந்து தவறல. அவங்கள்ல யாரோ ஒருத்தர்தான் பெங்களூருக்குப் புகார் எழுதிட்டாரு."

"அப்போ யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லு."

அவள் சகாயத்தைப் பார்த்தாள். சகாயம் அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு இன்னா நாளுன்னு ஞாபகம் இருக்கா மேடம்? உங்கப்பா காரியம் முடிஞ்சு நீங்க வேலைக்கு வந்த மொத நாளு."

ஷைலஜா யோசித்தாள். அந்த நாள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மின்விசிறிச் சத்தம். யாரோ கையில் வைத்த டீ. மற்றதெல்லாம் ஒரே வெள்ளை.

"வந்ததும் வாசல் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தீங்க. கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. 'அனுப்பு'க்குப் பதிலா 'ரத்து'ல கை பட்டுது. பாத்துட்டுத்தான் இருந்தோம். அன்னிக்குப் போயி அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

கீழே பேக்கரியில் யாரோ ஷட்டரைத் தூக்கிவிடும் சத்தம் கேட்டது. ஷைலஜா நாலு அட்டைகளையும் ஒன்றாக அடுக்கினாள்.

"தண்டிக்க மாட்டோம்னு சொன்னேனே... அது பொய். நான் குடுக்கற பேருக்கு ஜனவரியில வேலை இல்ல."

"தெரியும் மேடம்," என்றாள் புஷ்பவல்லி. "கிருஷ்ணப்பா சார் போன்ல பேசினா தெருவுக்கே கேக்கும். அதனாலதான் நாலு பேரும் எழுதினோம். நாலு பேரையும் அனுப்பிட்டா ஆபீஸ் நடக்காதே."

ஷைலஜா போனை எடுத்தாள். சகாயம் வேண்டாம் என்று தலையாட்டினான். எரிக் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். அதற்குள் மறுமுனையில் கிருஷ்ணப்பா சாரின் குரல்.

"சொல்லும்மா. யாரு?"

"நான்தான் சார்."