மேலே மூடினால் கீழே வெடிக்கும் குழாய்

மலையுச்சித் தண்ணீர்த் தாங்கியில் வால்வை மூடினால், அடிவாரத்தில் பம்புக்குப் பக்கத்துக் குழாய் மூட்டு ஏன் வெடிக்கிறது என்பது துஷாந்திக்குப் பிடிபடவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கினாள். இன்றும் வெடித்தால் தோட்டத்துக்காரர்கள் அதைப் பறித்துவிடுவார்கள். தாங்கி நிறைந்து வழிகிறது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று பட்டென மூடுவதுதான் அவள் வழக்கம். "மூடு புள்ள, தேர் வெடி மாதிரி கேக்கட்டும்," என்கிறாள் குடத்தோடு நிற்கும் பக்கத்து வீட்டு இராக்கம்மா. துஷாந்தி வால்வுப் பிடியைப் பற்றுகிறாள். கீழே ஹாலிஎல ஸ்டேஷனில், வெயிலில் மின்னும் கூட்ஸ் ரயில் சட்டென்று நிற்கிறது. பெட்டியோடு பெட்டி மோதி, டங் டங்கென்று அந்த இடி கடைசிப் பெட்டி வரை ஓடுகிறது. அவள் கை அப்படியே நிற்கிறது. குழாயில் ஏறிவரும் தண்ணீரும் இப்படித்தானே? முன்னால் வருவதைத் திடீரென மறித்தால், மோதல் பின்னோக்கி அடிவாரம் வரை பாயும். "என்னடி, தூங்கிட்டியா?" "இல்லக்கா, பிரேக் போடுறேன்." பிடியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்புகிறாள். தண்ணீரின் இரைச்சல் மெலிந்து, நூலாகி, அடங்குகிறது. அடிவாரத்தில் பம்பை நிறுத்திய கணவன் லிங்கம் போனில் வருகிறான்: "மூட்டு காஞ்சே இருக்கு புள்ள." இராக்கம்மா குடத்தைக் கீழே வைக்கிறாள். துஷாந்தி நிமிர்ந்து நின்று சொல்கிறாள்: "வால்வ மெதுவா மூடணும்க்கா. அவ்வளவுதான்."