அம்பாசடர் கூடு

அடி பொறுக்க முடியாமல் கணவனை விட்டு வந்தபோது, சுகிர்தா மகளோடு தானாக ஓடும் அந்தக் காரையும் கொண்டுவந்துவிட்டாள். தெருவில் அவன் அதை அடையாளம் கண்டுவிடக் கூடாது. அதனால் கோவையில் மெக்கானிக் ஜபருல்லாவிடம் சொல்லி, அதன் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு ஒரு பழைய அம்பாசடரின் கூட்டைப் பொருத்தினாள்.

"இனிப் பக்கத்துல வந்து நின்னாலும் அவருக்குத் தெரியாதுங்கம்மா. அடியில இருக்கிற சேசிஸும் உள்ள சீட்டும் உங்க வண்டியோடதேதான். நல்லா ஓடுறதுல நான் கை வைக்கலீங்க," என்றார் அவர்.

மறுநாள் காலை மகளைப் பின்சீட்டில் ஏற்றி, தான் முன்னால் உட்கார்ந்து, வண்டியைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னாள். உக்கடத்தில் இடப்பக்கம் போகவேண்டிய வண்டி வலப்பக்கம் திரும்பி வேகமெடுத்தது.

சுகிர்தா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். அது அம்பாசடரின் பிரேக். அழகுக்காக விட்டுவைத்தது. கீழே எதனோடும் இணைக்கப்படவில்லை.

அப்போது அவள் உட்கார்ந்திருந்த சீட் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கணவனின் கால் நீளத்துக்கு வந்து நின்றது. அவன் எங்கிருந்தாவது போனில் கூப்பிட்டால் வண்டி அப்படித்தான் தயாராகும்.

"அப்பா ஏறப் போறாராம்மா?" என்று மகள் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல், வழக்கம்போல, சீட்டுக்குக் கீழே இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டாள்.