மூன்று இருமல், ஒரு தும்மல்

மெக்கானிக் சில்வேராவின் பட்டறையில் பர்னபாஸ் அழாத குறையாக வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து மச்சான் என் போட்டு எஞ்சினைச் சரி பண்ணிட்டான். இப்ப இருமலே இல்ல!"

"படுபாவி! இனி எப்படில கடலுக்குப் போவ?"

அரசு கோடிகோடியாக நிதி ஒதுக்கிக் கடலுக்குள் போட்டிருக்கும் கண்ணிவெடிகளுக்குக் காது உண்டு. பதிவான எஞ்சின் சத்தம் கேட்டால் சும்மா கிடக்கும். சத்தம் மாறினால் வெடிக்கும். பதிவு நாளன்று பர்னபாஸின் எஞ்சின் மூன்று முறை இருமி, ஒரு தும்மலும் போட்டுத் தொலைத்திருந்தது. மறுபதிவுக்கு அடுத்த நிதி வர வேண்டுமாம்.

சில்வேரா இரண்டு நாள் மெனக்கெட்டு அந்த நல்ல எஞ்சினைக் கெடுத்தார். வேலை பார்த்த மெக்கானிக்கும் வெள்ளோட்டத்தில் ஏற வேண்டும் என்பது இப்போது ஊர்க் கட்டுப்பாடு. ஏறினார்.

கண்ணிவெடி எல்லை வந்தது. எஞ்சின் இருமியது. ஒன்று, இரண்டு, மூன்று. தும்மலைக் காணோம்.

"அண்ணாச்சி..."

"வாய மூடுல!"

படகே குலுங்க ஒரு தும்மல் வந்தது. கடல் சும்மா கிடந்தது.

சில்வேரா எஞ்சினைத் தட்டிக்கொடுத்தார்.

"நூறாயுசு, மக்கா!"