நாய் இருக்கும் இடம்

செருப்பை மறுபடியும் இடம் மாற்றினாள் ஹாரியட்.

கட்டிலுக்கு அடியில் வைத்தால் ஒளித்துவைத்தது போல இருந்தது. கதவருகே வைத்தால் கடையில் அடுக்கியது போல. கடைசியில் சாய்வு நாற்காலிக்கு முன்னால், ஒன்று நேராகவும் மற்றது கவிழ்ந்தும், கணவர் லயனல் இப்போதுதான் எழுந்து குளியலறைக்குப் போயிருக்கிறார் என்பது போல வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். சிரிப்பு வந்தது.

இந்த வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளலாமா?

இண்டர்காம் அலறியது.

"மேடம், உங்க ஆளு மேல வர்றாரு," என்றான் கீழே வாசலில் நிற்கும் ஆர்ட்டன். "வரி ஆபீஸராம். நனைஞ்ச கோழி மாதிரி இருக்காரு. பயப்படாதீங்க."

"பயமா? நான் லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு ரெடியா இருக்கேன், ஆர்ட்டன்!"

"அப்ப அவருதான் பயப்படணும்."

விஷயம் இதுதான். ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டதாக லயனல் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே மாநில வருமான வரி கிடையாது. நியூயார்க் மாநில வரித்துறை அதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. இந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குப் பெயருக்கு ஒரு கடற்கரை வீடு, உயிர் மட்டும் இங்கே. அதனால் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். பழைய ஆல்பம் எங்கே, அப்பாவின் கைக்கடிகாரம் எங்கே, முக்கியமாக நாய் எங்கே. நாய் இருக்கும் இடம்தான் வீடு.

இங்கேதான் வீடு என்று முடிவானால் லயனல் கட்ட வேண்டியது கொஞ்சநஞ்சம் இல்லை. காலையிலேயே போன் செய்திருந்தார்.

"உள்ளத உள்ளபடி சொல்லு, ஹாரியட். அது போதும் எனக்கு."

"சொல்றேன், சொல்றேன்."

பணத்தைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அவர் வீடு இதுதான் என்று அரசாங்கம் ஒரு தடவை, முத்திரை குத்திச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காஸ்டெல்லோ என்ற அந்த அதிகாரி உயரமாக, கொஞ்சம் கூன் விழுந்து, ஈரக் கோட்டோடு உள்ளே வந்தார். குட்டைக் கால்களோடு ஒரு பழுப்பு நாய் அவருடைய காலணியை முகர்ந்துவிட்டுக் கதவுக்கு எதிரே போய்ப் படுத்துக்கொண்டது.

"இதான் மோசஸா?"

"மோசஸேதான்! லயனலோட செல்லம்."

"மோசஸ்," என்று கூப்பிட்டார் அவர்.

நாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வயசாயிடுச்சு. காது மந்தம்," என்றாள் ஹாரியட்.

அவர் கேட்பதற்கு முன்பே குளியலறையைத் திறந்தாள். இரண்டு பல் பிரஷ், இரண்டும் ஈரம். அலமாரியைத் திறந்தாள். சட்டைகள். குளிர்பெட்டியைத் திறந்தாள். ஊறுகாய் போட்ட மீன், லயனலைத் தவிர வேறு யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். திறக்கத் தேவையில்லாத சமையலறை இழுப்பறையைக்கூட இழுத்துக் காட்டினாள். புதுப்பெண் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல முன்னால் முன்னால் ஓடினாள்.

காஸ்டெல்லோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனையோ வருஷமா இந்த வேலை பாக்கறேன், மிசஸ் ஸக்கர். பிரஷ்ஷைக் கோட்டுப் பையில போட்டு மறைச்சவங்களப் பாத்திருக்கேன். நாயைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு, அது குரைக்கிறப்பல்லாம் இருமினவரையும் பாத்திருக்கேன். எல்லாக் கதவையும் தொறந்துவிட்டது நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு மறைக்கத் தெரியாது," என்றாள் அவள். கன்னம் சுட்டது. "உக்காருங்க. அவர் நாற்காலியிலேயே உக்காருங்க, பரவால்ல."

அடுப்பில் மாட்டிறைச்சி வெங்காயத்தோடு மெல்ல வெந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே அந்த வாசனைதான் வீடு முழுக்க. அவள் உள்ளே ஓடினாள்.

காஸ்டெல்லோ உட்கார்ந்தார். கவிழ்ந்து கிடந்த செருப்பை நேராக வைக்கக் குனிந்தவர், அதன் அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு தூசி இல்லை. நாய் பக்கத்தில் வந்து நின்றது. அதன் கழுத்துப் பட்டையில் தொங்கிய தகட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த பெயரை இரண்டு முறை படித்தார்.

அவள் தட்டோடு வந்தாள்.

"நாங்க போற இடத்துல எதுவும் சாப்பிடக் கூடாது," என்று ஆரம்பித்தவர், மேசையைப் பார்த்தார். இரண்டு பேருக்கு விரித்திருந்தது. இரண்டு கோப்பை, மடித்து வைத்த துணி. பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

வாசல்வரை அவள் கூடவே வந்தாள். நாயைக் கையில் தூக்கி வைத்திருந்தாள்.

"என்னன்னு எழுதப் போறீங்க? இங்கதானே? இங்கதான்னு தெரியுதுல்ல?"

அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்மைதான், மிசஸ் ஸக்கர்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போனவர், மூடப்போன கதவைக் கையால் பிடித்தார்.

"நாயைத் திருப்பிக் குடுத்துடுங்க. பாவம், தேடுவாங்க."

லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்டது.

"வரிக்காகத்தான் ஹாரியட், ஆறே மாசம்." அப்படிச் சொல்லிவிட்டுத்தான் லயனல் போனார். மோசஸையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் வந்து போய்விட்டது.

அவள் பிடியை விட்டாள். நாய் குதித்து இறங்கி, மாடி நடையில் ஓடி, கடைசி வீட்டுக் கதவின் முன்னால் நின்று, அதைப் பிறாண்டியது. அன்று முதல் முறையாக வாலை ஆட்டியது.