சம்பந்திக்குப் பச்சைச் சாறு

"பொண்ணு பார்க்க வாறவுகளுக்கு மாட்டுத் தீவனத்தையா அரைச்சுக் கொடுப்பாக?"

வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷன் சண்முகையா காதில் வாங்கவே இல்லை. அம்மி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அருகம்புல்லையும் கொத்தமல்லியையும் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் நாற்காலியை விட்டு அசையாத கிளார்க். வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. இப்போது அம்மிக் குழவியை உருட்டுகிறார்.

எல்லாம் போன வாரம் பிடித்த கிறுக்கு. இயற்கை வைத்தியக் கூட்டம் என்று எங்கோ பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தவர் மறுநாள் விடிந்ததும் குளத்தங்கரையில் குனிந்து புல் பிடுங்க ஆரம்பித்தார். கழுவி, அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, உப்பும் இல்லாமல் சீனியும் இல்லாமல் ஆளுக்கு ஒரு தம்ளர். குடிக்காவிட்டால் விட மாட்டார். போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்தி அதன் மகிமையை அளந்தார். தெருவே சிரித்தது.

"காப்பித்தூள் டப்பா எங்கங்க?"

"பக்கத்து வீட்டுல கொடுத்துட்டேன். அது வெசம்."

"பாலு?"

"பால்காரனை வர வேண்டாம்னுட்டேன். சீனியையும் தேடாத, அதுவும் போயிருச்சு."

"நீங்க நல்லா இருப்பீகளா?" என்று வள்ளித்தாய் கத்தும்போதே அவளுடைய அண்ணன் நல்லகண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இன்றைக்கு வருவது அவர் கொண்டுவந்த சம்பந்தம். பனவடலிசத்திரத்தில் கிணறும் பம்ப்செட்டுமாக உள்ள குடும்பம்.

அம்மியை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, ஆடு எதுவும் வாங்கிருக்கீரா?"

"உங்களுக்கும் ஒரு தம்ளர் இருக்கு மச்சான்."

"அதை நீரே குடியும். இன்னைக்கு நீரு வாயைத் திறக்காம இருந்தாலே போதும்." நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "சின்னத் தங்கச்சி வீட்டுல, அவ மகளுக்கு நான் சொன்ன மாப்பிள்ளையை வேண்டாம்னாக. அன்னைக்கு அந்தப் படியை விட்டு இறங்குனவன்தான். இப்ப அவளுக்கு அண்ணனும் கிடையாது, பெறந்த வீடும் கிடையாது. எங்க ஆத்தா செத்ததுக்கே அவளை உள்ள விடல. தெரியும்லா?"

"நான் வேண்டாம்னு சொல்லுவனா மச்சான்? கோமதி உங்க பிள்ளை மாதிரி" என்றார் சண்முகையா. இந்தக் குழைவைப் பார்க்க வள்ளித்தாய்க்கே அருவருப்பாக இருந்தது.

மகள் கோமதிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் யார் வருவார்கள்? வள்ளித்தாய் கோமதியம்மனுக்குப் பட்டு சாத்துவதாக வேண்டிக்கொண்டாள்.

அம்பாசடர் கார் வந்து நின்றது. பையன், அவனுடைய அப்பா, அம்மா முப்பிடாதியம்மாள். பையன் பளபளவென்று இருந்தான். கோமதி கொண்டுவந்த தட்டில் பச்சைப் பசேலென்று மூன்று தம்ளர்கள்.

"இது என்னது?" முப்பிடாதியம்மாள் மூக்கைச் சுளித்தாள்.

"அருகம்புல் சாறும்மா" என்று சண்முகையா முந்திக்கொண்டார். "மத்தவுகளை விட உங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க, இந்தச் சதையெல்லாம் கரைஞ்சு ஓடிரும்."

நல்லகண்ணு இருமினார். முப்பிடாதியம்மாள் ஒரு வாய் குடித்தாள். வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

பையனின் அப்பா பெரிய மனிதர், பொறுத்துக்கொண்டார். "சரி விடுங்க. பொண்ணு லெட்சணமா இருக்கு. எங்க பக்கம் ஐந்நூறு எலை விழும். சாப்பாட்டுல மட்டும் குறை வந்திரக் கூடாது."

"குறையே வராது" என்றார் சண்முகையா. "முளைகட்டின பாசிப்பயறு, தேங்காய்ப்பூ, ஆளுக்கு ரெண்டு தம்ளர் இந்தச் சாறு. கல்யாண வீட்டுல அடுப்பே பத்த வைக்கப் போறதில்ல."

"விளையாடுதீரா?"

"கொள்கைங்க. மறுவீட்டுக்கும் இதுதான்."

முப்பிடாதியம்மாள் எழுந்தேவிட்டாள். "எங்க சனத்தைக் கூட்டிட்டு வந்து புல்லு திங்க விடவா? எந்திரில! இந்தச் சம்பந்தமே நமக்கு வேண்டாம்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நல்லகண்ணு தங்கையைப் பார்த்தார்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல தாயி. இந்தக் கூறுகெட்ட ஆளுக்கு உன்னைக் கட்டிக் கொடுத்தோமே, அது எங்க குத்தம். தீபாவளிக்கு நீயும் பிள்ளையும் வந்திருங்க. இந்த மனுசனைக் கூட்டிட்டு வந்திராத."

அவரும் போய்விட்டார். வள்ளித்தாய் ஓவென்று அழுதாள்.

"எம் பிள்ளை வாழ்க்கையையும் சேர்த்து அரைச்சுட்டீகளே! நீங்கள்லாம் ஒரு தகப்பனா? அந்தப் பையனுக்கு என்னங்க குறைச்சல்?"

சண்முகையா வாசலுக்குப் போய், மச்சான் தெருமுனை திரும்பிவிட்டாரா என்று பார்த்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த சாற்றைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"ஒரு குறைச்சலும் இல்லட்டி, மேலநீலிதநல்லூர்ல அவனுக்கு ஒரு பொண்டாட்டியும் கைப்பிள்ளையும் இருக்கு, போன வாரம் அங்கதான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். உங்கண்ணன்கிட்டச் சொன்னா, 'ஆம்பளைன்னா முன்னப் பின்ன இருப்பான்'ம்பாரு. வேண்டாம்னு நான் சொன்னா உனக்குப் பெறந்த வீடு இல்லாமப் போயிரும், அதான் அவுக வாயாலயே சொல்ல வச்சேன்."